நீங்களே பாத்துப் போடுங்க சார்

செப்டம்பர் 1, திங்கள்

மாலைத் தேநீருடன் ஊழியர்களுக்கு வழங்கப்பட்டுவந்த பஜ்ஜியை இன்றுமுதல் நிறுத்துவதென்று முடிவு செய்தேன். இந்த வெட்கிரைண்டர் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இருந்துவரும் ஓர் ஏற்பாட்டை ஒரே கையெழுத்தில் முடித்துவைப்பது எளிதான காரியமல்ல. சனி, ஞாயிறு இரு நாளும் யோசித்தேன். வாழைக்காய், வெங்காயம், மிளகாய் மூன்றின் சாதக பாதகங்களையும் தனித்தனியே எடைபோட்டேன். கடைசியில், வெள்ளை கிரைண்டர் மூடி ஒன்றில் பதிந்திருந்த எண்ணெய்க் கைரேகைதான் தீர்ப்பை எழுதியது. இனி ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.

அலுவலகப் பொறுப்பாளர் மரகதத்திடம் சொன்னேன். இருபது வருடமாக இங்கே இருப்பவர். கணக்கு, சம்பளம், சாவிக்கொத்து எல்லாம் அவரிடம்தான்.

"பிஸ்கட்டுங்களா சார்? நல்லதுங்க," என்றார். "யாராச்சும் ஒடம்பு சரியில்லாம வந்தா அப்படியே குடுத்துக்கலாமுங்க."

மாற்றத்தை இவ்வளவு நேர்மறையாக வரவேற்பவர்கள் குறைவு.

நான் சென்னையிலிருந்து வந்து இங்கே பொது மேலாளராகச் சேர்ந்தவன். கோயம்புத்தூர் கணபதியில் உள்ள இந்தக் கம்பெனியை நவீனப்படுத்துவது என் பொறுப்பு. ஆறு மாதத் தகுதிகாண் பருவம் தீபாவளியோடு முடிகிறது. அதன்பின் வேலை நிரந்தரம். அது வெறும் சம்பிரதாயம். இதற்கு முன் நான் நிர்வகித்த இரண்டு நிறுவனங்களும் மூடப்பட்டது வேறு காரணங்களால்.

செப்டம்பர் 3, புதன்

முதலாளி நாச்சிமுத்து என் அறைக்கே வந்தார். சென்னையில் ஐந்தாறு கிளைகள் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர் தீபாவளி விற்பனைக்கு அறுநூறு கிரைண்டர் கேட்டிருக்கிறார். அக்டோபர் பத்தாம் தேதி லாரி கிளம்ப வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் அவர் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வார்.

"இந்த லோடு போய்ச் சேந்தாத்தானுங்க சார் நம்ம எல்லார்த்துக்கும் தீபாவளி," என்றார் முதலாளி. போகும்போது கதவருகில் நின்று, "உங்களுக்குந்தானுங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

என்னையும் குடும்பத்தில் ஒருவனாக நினைக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

பிஸ்கட் அறிமுகமானதிலிருந்து மாலை நான்கு மணிக்கு எல்லோரும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போகிறார்கள். அங்கே பஜ்ஜி போடுகிறார்களாம். டீக்கடையை ஒட்டிப் புதிதாக ஒரு ஷெட் எழும்பியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, பெயர்ப்பலகை இன்னும் வரவில்லை. ஷெட்காரர் சிவசாமி முன்பு நம் கிரைண்டர்களை விற்ற டீலர். நல்ல மனிதராகத் தெரிகிறது. நம் ஆட்கள் எல்லோருக்கும் அவரே டீ வாங்கித் தருகிறார்.

நடை உடம்புக்கு நல்லது. மாத அறிக்கையில் ஊழியர் நலத்திட்டம் என்ற தலைப்பின்கீழ் சேர்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுயமதிப்பீட்டு முறையை இன்று தொடங்கிவைத்தேன். தீபாவளிக்குக் கொடுக்கும் சம்பள உயர்வை இதுவரை முதலாளி ஆளைப் பார்த்து, மனதுக்குள் ஏதோ கணக்குப்போட்டுக் கொடுத்துவந்திருக்கிறார். இது விஞ்ஞானமல்ல. இனி ஒவ்வொருவரும் என் அறைக்கு வந்து, தம் வேலைக்குத் தாமே ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டும். அதுதான் இறுதி. வளர்ந்தவர்கள் சொல்வதைச் சொன்னபடியே ஏற்றுக்கொள்வதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் இல்லை என்பது என் கொள்கை.

முதல் ஆள் திருமூர்த்தி. அசெம்பிளி சூப்பர்வைசர். இங்கே இருபத்திரண்டு வருடம்.

"அஞ்சுக்கு உங்களுக்கு நீங்களே எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டேன்.

"நானுங்களா?" தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, நீங்கதான்."

"அதெப்படிங்க சார், நமக்கு நாமே போட்டுக்கறது. நீங்களே பாத்துப் போடுங்க."

"நான் போட்டா அது என் கருத்து. உங்க கருத்து என்ன?"

"நம்ம கருத்து என்னங்க இருக்குது. ஏதோ வண்டி ஓடுதுங்க."

"ஒரு நம்பர் சொல்லுங்க திருமூர்த்தி."

மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு போட்டுக்குங்க."

"ரெண்டா?"

"சாஸ்தியாப் போச்சுங்களா?"

இரண்டு என்று பதிவு செய்தேன். முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேர்மையைப் பாராட்டிக் கைகுலுக்கினேன். கையைக் கொடுத்தார், ஆனால் குலுக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மதிப்பீடு முடிந்தது. மோட்டார் வைண்டிங் பகுதியின் ஆரோக்கியசாமி தனக்கு ஒன்றரை போட்டுக்கொண்டார். "ஒண்ணு நம்முளுதுங்க சார். அரை கர்த்தர் குடுத்தது." பேக்கிங் பகுதியில் ஏழு பேர் கூடிப் பேசி, ஆளுக்கு ஒன்று என்று ஒருமனதாகச் சொல்லியனுப்பினார்கள். வந்து சொன்ன பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதற்றமாக இருக்கலாம்.

மரகதம் வரவே மறுத்துவிட்டார். நான் அவர் மேசைக்குப் போனேன்.

"எனக்குப் போடறதுக்கு உங்ககிட்ட நம்பர் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவே ஓர் ஒளிக்கீற்று. முதலாளி மனைவியின் அண்ணன் மகன் மிதுன், விற்பனைப் பிரிவு, சேர்ந்து எட்டு மாதம். ஐந்து என்றார் உடனே. பிறகு, "அஞ்சுதான் மேக்ஸிமமா சார்?" என்று கேட்டார். இந்த நிறுவனத்தில் தன்னை அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

சராசரி ஒன்று புள்ளி ஆறு. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு இங்கே எப்படி ஒரு கிரைண்டராவது சுற்றியது என்பது ஆய்வுக்குரிய விஷயம்.

செப்டம்பர் 15, திங்கள்

முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சம்பள உயர்வு அவரவர் போட்டுக்கொண்ட மதிப்பெண்படி. அசெம்பிளியில் தரத்தை மேம்படுத்த மிதுனைத் தலைவராக நியமித்திருக்கிறேன். திருமூர்த்தி இனி அவருக்குக் கீழே.

திருமூர்த்தி பலகையை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மூன்றாம் தரம் படித்தார். "சரிங்க சார்," என்றார். பிரச்சினை எழவில்லை.

மதியம் மரகதம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. நம்ம பக்கம் ஒருத்தரு ரெண்டுன்னு சொன்னா, நீங்க 'அட என்னங்க, நாலரை'ன்னு சொல்லோணுமுங்க. அவரு 'அய்யோ அதெல்லாம் வேண்டாங்க'ம்பாரு. நீங்க சண்டை போட்டு நாலரையே போடோணும். அதானுங்க மொறை."

"அப்ப ரெண்டுன்னு சொன்னது பொய்யா?"

"பொய் எங்கீங்க சார் வந்துச்சு? விருந்துக்குப் போன ஊட்ல போதும்னு சொன்னா, நீங்க எலையை எடுத்துருவீங்களா?"

எடுத்துவிடுவேன் என்றேன். போதும் என்றால் போதும்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு யாரு சார் சோறு போட்டு வளத்துனது," என்று கேட்டார்.

அம்மா என்று சொன்னேன். சென்னையில் இருக்கிறார் என்றும் சொன்னேன். நலம் விசாரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆரோக்கியசாமியின் அம்மாவுக்கு மூட்டுவலி. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எத்தனை நாள் என்றதற்கு, "மூட்டுங்க சார், சொல்ல முடியாது," என்றார். விடுப்பு கொடுத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பேக்கிங் பகுதியில் மூவரின் அப்பாக்களுக்கு ஒரே நாளில் உடல்நலம் குன்றியிருக்கிறது. பருவநிலை மாற்றம்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் திருமூர்த்தி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அய்யனுக்கு ஒடம்பு சரியில்லீங்க. கொஞ்ச நாளு ஊர்ல இருந்து பாத்துக்கோணும்."

"எந்த ஊர்?"

"உடுமலைப் பக்கமுங்க."

"எத்தனை நாள்?"

"எப்பத் தேவலையாகுதோ அதுவரைக்குமுங்க." நின்றுகொண்டே இருந்தார். "லோடு வேற போகோணும். பத்தாந்தேதி."

"ஆமா."

"இன்னும் பாதிகூட முடியலீங்க. நானில்லாம கொஞ்சம் சிரமமா இருக்குமுங்க சார்."

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. மிதுன் இருக்கார்."

"ஆமாங்க. மிதுன் தம்பி இருக்குது." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார். "இருபத்திரண்டு வருசமாச்சுங்க இங்க வந்து."

"தெரியும். பதிவில் இருக்கு."

"அப்ப நான் போலாமுங்களா?"

"தாராளமாப் போங்க."

கதவுவரை போய்த் திரும்பி நின்றார். எதையோ மறந்துவிட்டாரோ என்று நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"போறனுங்க சார்," என்றார்.

வழக்கமாக எல்லோரும் போயிட்டு வர்றேன் என்பார்கள். அப்பா கவலையில் பாதியை விழுங்கிவிட்டார்.

மாலையில் மரகதத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்கய்யன் தவறி ஒம்பது வருசமாச்சுங்க சார்," என்றார். "நானே எழவுக்குப் போயிருந்தனுங்க."

துக்கத்துக்குக் காலவரையறை கிடையாது. விடுப்பை நீட்டிக்கப்பட்ட துக்க விடுப்பு என்று மாற்றிப் பதியச் சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

அசெம்பிளி முழுவதும் மிதுனின் நேரடித் தலைமையில் நடக்கிறது. இன்று ஒன்பது கிரைண்டர் முடித்தார்கள். அவற்றில் ஆறு சுற்றின. இரண்டு சரியான திசையில் சுற்றின. தொடக்கத்துக்கு இது நம்பிக்கையூட்டும் எண்.

"மாவு அரைக்கத்தானே சார், எந்தப் பக்கம் சுத்துனா என்ன?" என்று மிதுன் கேட்டார். புதிதாகச் சிந்திப்பவர்.

செப்டம்பர் 29, திங்கள்

பிஸ்கட் மிஞ்சுகிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

இதுவரை பதினான்கு பேர் விடுப்பில். ஒன்பது அப்பாக்கள், நான்கு அம்மாக்கள், ஒரு தாய்மாமன். பெற்றோர்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் உற்பத்தி எண்ணிக்கையைக் கேட்டார். இருநூற்றுப் பத்து என்றேன்.

"அறுநூறுக்குங்களா?"

"ஆமாங்க. போக்கு மேல்நோக்கித்தான் இருக்கு."

தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் தேதியும் தெரியும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டிரில்லிங் மெஷின், வைண்டிங் மெஷின், பழைய டெம்போ எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மரகதம் என் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வைத்தார். கேமரா மறைந்துவிட்டது.

பூஜை முடிந்ததும் வாசலில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் உடைப்பவர் திருமூர்த்தியாம். இந்த வருடம் தலைவர் என்ற முறையில் மிதுனை உடைக்கச் சொன்னேன். காயைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கிப் போட்டார். அது உடையாமல் ஒரு துள்ளுத் துள்ளி, சரிவில் உருண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று. எல்லோருடைய பார்வையும் அதன் பின்னாலேயே போயிற்று.

எதிர் ஷெட்டிலும் பூஜை. வெட்கிரைண்டர் படம் போட்ட புதுப் பெயர்ப்பலகைக்கு மாலை போட்டிருந்தது. வாசலில் புது வேட்டி கட்டி, கையில் வேறொரு பூசணியோடு திருமூர்த்தி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் ஆரோக்கியசாமி, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனத்தோடு. பின்னால் பேக்கிங் பகுதி முழுவதும். நம் பூசணி உருண்டு போய் ஆரோக்கியசாமியின் காலடியில் நின்றது.

பேருந்து ஒன்று நடுவில் போயிற்று.

திருமூர்த்தி தன் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நம் காயை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். முதலாளியை நிமிர்ந்து பார்க்காமல், நம் வாசலில் நின்று, மூன்று சுற்றுச் சுற்றி ஒரே போடாகப் போட்டார். எட்டுத் துண்டு. "தம்பி, துண்டையெல்லாம் ஓரமாத் தள்ளீருங்க, வண்டி சறுக்கிரும்," என்று மிதுனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கென்று தனியாக ஒரு தட்டில் பொரிகடலையும் வாழைப்பழமும் வந்தன. கொண்டுவந்தது, வாயைப் பொத்திச் சிரித்த அதே பெண்.

"அப்பா எப்படியிருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்லாருக்காருங்க சார்," என்றாள். "அந்த ஷெட்டுக்கு டெம்போ ஓட்டீட்டு வந்தவரே அவருதானுங்க."

பதினான்கு பேரின் குடும்பத்திலும் ஒரே சமயத்தில் குணமாகியிருக்கிறது. மருத்துவ முகாம் இனித் தேவையில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நான்கு மணிக்கு முதலாளி, "வாங்க சார், டீ குடிச்சிட்டு வரலாம்," என்றார். சாலையைக் கடந்தோம். டீக்கடை பெஞ்சில் சிவசாமியும் திருமூர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். முதலாளி நிற்க, அவர்களும் நிற்க, நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"ஏம்ப்பா திருமூர்த்தி," என்றார் முதலாளி. "ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்லக்கூடாதா?"

"எப்படீங்கண்ணா வந்து சொல்றது? நீங்களே ஆளுப் போட்டுருக்கறீங்க. அவரைத் தாண்டி உங்ககிட்ட வந்தா அது மரியாதைங்களா?"

"சம்பளம் பத்தலையா?"

"மார்க்கும் சம்பளமும் கெடக்குதுங்கண்ணா. அன்னைக்கு ரூமுக்குள்ள அத்தனை நேரம் நின்னனுங்க. 'இருங்க திருமூர்த்தி'ன்னு ஒரு வார்த்தை. அதைய யாரும் சொல்லலீங்க." டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் போறன்னு சொல்லறதுக்காகவா சார் அங்க நின்னன்?"

கடைசி வாக்கியம் எனக்கு. இருக்க விரும்புகிறவர் இருக்க விரும்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. சொல்வதற்குள் முதலாளி பேசிவிட்டார்.

"இப்ப நான் சொல்றன். வா."

திருமூர்த்தி சிவசாமியைப் பார்த்தார். சிவசாமி சிரித்தார். "எங்கிட்ட அவிங்க இன்னும் ஒரு ஸ்க்ரூகூட முடுக்கலீங்கண்ணா. முந்தாநேத்துதான பூஜையே முடிஞ்சுது. உங்க லோடு போகட்டும். அப்பறமா வைண்டிங்குக்கு ஒரு ரெண்டு பேர மட்டும் உட்டுக்குடுங்க."

"அது சரி. வேறென்னப்பா?"

திருமூர்த்தி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். மூவரும் சாலையைப் பார்த்தார்கள். பிறகு, யாரும் எதுவும் கேட்காமலே, முதலாளி, "சரி, பாத்துக்கறன்," என்றார்.

எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று விளங்கவில்லை. மரியாதைக்காக ஒரு வாழைக்காய் பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். ஒப்பீட்டுக்காக இன்னொன்று. எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவர் திருமூர்த்தி.

அக்டோபர் 4, சனி

அனைவரும் திரும்பிவிட்டார்கள். என் விடுப்புக் கொள்கையின் தாராளத்துக்கு இதுவே சான்று.

அக்டோபர் 7, செவ்வாய்

அசெம்பிளியில் இரவு பகலாக வேகம். மிதுன் முடித்த கிரைண்டர்களை முதலில் பிரிக்கிறார்கள், பிறகு பூட்டுகிறார்கள். மிதுனைத் திருமூர்த்தி ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் அமர்த்தியிருக்கிறார். மிதுன் மகிழ்ச்சியாக இருக்கிறார். ஸ்டிக்கர்கள் நேராக இருக்கின்றன.

நான் போய் நின்றபோது எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நாற்காலி போட்டார்கள். எதிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. நிர்வாகம் உச்சநிலையை எட்டும்போது மேலாளருக்கு வேலை இருக்காது என்று படித்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அறுநூறும் ஏறிவிட்டன. லாரி மாலையில் கிளம்பியது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர் மரகதம். முதலாளி எல்லோருக்கும் கைகொடுத்தார்.

பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சார், அம்மா மெட்ராஸ்லதான இருக்காங்க?"

"ஆமாங்க."

"ஒடம்பெல்லாம் எப்படியிருக்குதுங்க?"

"நல்லா இருக்காங்க. காலையில்கூடப் பேசினேன்."

"இல்லீங்க சார். வயசானவங்க ஒடம்பு, சொல்ல முடியாதுங்க. போய்க் கொஞ்ச நாளு கூட இருந்து பாத்துக்குங்க. நாளைக்கே கெளம்புங்க."

"எத்தனை நாள்?"

"அதெல்லாம் கணக்குப் பாக்காதீங்க. நமக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

தகுதிகாண் பருவம் பத்து நாளில் முடிகிறதே, வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு என்றேன். என் தோளில் கை வைத்தார். "மொதல்ல அம்மாவைப் பாருங்க சார்." அவர் கண் கலங்கியிருந்தது. இப்படிப்பட்ட முதலாளி யாருக்கும் அமையமாட்டார். அவர் கதவுவரை போய்த் திரும்பி நிற்கவில்லை.

அதன்பிறகு சிறிது நேரம் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மின்சாரச் சிக்கனம்.

அக்டோபர் 11, சனி

காலை ரயிலுக்கு ஸ்டேஷன்வரை கொண்டுவிட மரகதமே ஆட்டோவில் வந்தார். என் மேசையிலிருந்த புத்தகங்கள், குடை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு கிரைண்டர் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவும் எதற்கு, திரும்பி வரும்போது தூக்க வேண்டுமே என்றேன்.

"அங்க இருந்தா உங்களுக்கு உபயோகமாகுமுங்க சார்," என்றார். வழியில் சாப்பிடக் கட்டுச்சோறும் கொடுத்தார். போதும் போதும் என்றேன். கேட்காமல் இன்னொரு பொட்டலமும் வைத்தார்.

"போயிட்டு வர்றேன்," என்றேன்.

"நல்லா இருங்க சார்," என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

சென்னை. அம்மா நலமாக இருக்கிறார். காலையிலிருந்து கம்பெனி கொடுத்த சிம் வேலை செய்யவில்லை.